ஒற்றைச் சப்பாத்து

கண்ணைத் திறந்தபோது குகதாசனுக்கு முதலில் தெரிந்தது ஒரு சப்பாத்துத்தான். தன் கடைத் தரையில், உடைந்த முட்டைக்கும் கொட்டுண்ட மைசூர்ப் பருப்புக்கும் நடுவில் கன்னத்தை வைத்துக் கிடந்தான். ஷட்டர் வாசற்படிக்கு ஒரு சாண் மேலே நின்றுவிட்டது. அதை மேற்கொண்டு இறங்கவிடாமல் இடையில் நசிந்து கிடந்தது அந்தச் சப்பாத்து. கருஞ்சிவப்பு நிறம், கணுக்காலுக்கு மேலே ஏறுகிற உயரம், முன்னுக்கு இரும்பு வைத்துத் தைத்தது. உள்ளே கால் இல்லை. காலின் சொந்தக்காரன் அதை உருவிக்கொண்டு, ஒரு காலில் வெறும் காலுறையோடு பிளேஸ்டோ ஸ்டேஷன் பக்கம் ஓடிவிட்டான்.

"இஞ்சருங்கோ, கதையுங்கோ. ஒரு வார்த்தை கதையுங்கோ," என்று மனைவி கனகாம்பிகை அவன் தலைமாட்டில் குந்தியிருந்து குழறினாள். ஷட்டர் இழுக்கிற கொக்கித்தடி இன்னும் அவள் கையில் இருந்தது. கதைக்க அவனுக்கும் விருப்பம்தான். ஆனால் பல்லோ முட்டைக்கோதோ தெரியாத ஒன்று நாக்கில் கரகரத்துக்கொண்டிருந்தது.

தொண்ணூற்றொன்றாம் ஆண்டு, சித்திரை மாதத்துப் பின்னேரம். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. கடை பூட்டுகிற நேரமென்று ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார்கள். அதற்குக் கீழால் குனிந்து மூன்று மொட்டைத் தலைப் பொடியள் வந்தார்கள். பியர்ப் பேணிகளை அள்ளிக்கொண்டு, காசைப் பற்றிய யோசனையே இல்லாமல் திரும்பினார்கள். குகதாசன் "எக்ஸ்கியூஸ் மீ" என்றான். அந்த மரியாதைச் சொல்தான் வினையாகப் போயிற்று. சேட்டுக் கழுத்தில் பிடித்து அவனை மேசைக்கு மேலால் இழுத்துக் கீழே போட்டார்கள். பிறகு மூன்று பேரும் கைகளைக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, கால்களால் மட்டும் வேலை செய்தார்கள். "பாக்கி" என்று ஒவ்வொரு உதைக்கும் ஒரு தரம் சொன்னார்கள். தான் பாகிஸ்தான்காரன் இல்லை என்று சொல்லித் திருத்துகிற நிலைமையில் அவன் இருக்கவில்லை. தாழுகிறவன் துரும்பைப் பிடித்த மாதிரி, வந்த கால்களில் ஒன்றை நெஞ்சோடு கட்டிப்பிடித்தான். அதன் நாடாவைப் பல்லால் கடித்து இழுத்ததுகூட அவனுக்கு நினைவிருந்தது. கடைக்கு மேலே வீட்டில் மீன் பொரித்துக்கொண்டிருந்த கனகம் சத்தம் கேட்டு ஓடிவந்து, வெளியே நழுவிக்கொண்டிருந்த கடைசிக் காலின்மேல் ஷட்டரை இழுத்து விட்டாள்.

ஆஸ்பத்திரியில் கட்டில் அருகே வந்து நின்ற இளம் பொலிஸ்காரன், "உங்களுக்குப் பூட் போட்டார்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டு எழுதினான். விலா எலும்பு உடைந்த நோவிலும் குகதாசனுக்குச் சிரிப்பு வந்தது. லண்டனுக்கு வந்த நாளிலிருந்து, சப்பாத்தைக் குறிக்கிற இந்தப் பூட் என்ற சொல் அவனைத் துரத்துகிறது. முதலில் வேலை செய்த பிஸ்கற் பக்டரியில் ஆட்குறைப்பு வந்தபோது, வேலை போகிறது என்ற கருத்தில் "எங்களுக்குப் பூட்" என்று பக்கத்தில் நின்றவன் சொல்ல, பாதுகாப்புச் சப்பாத்துத் தரப்போகிறார்கள் என்று நம்பித் தன் கால் அளவைச் சொன்னவன் அவன். கார் வாங்கினால் அதன் பின்பெட்டி பூட். அந்தப் பெட்டியைத் திறந்து வைத்துப் பழஞ்சாமான் விற்றால் பூட் சேல். தலையிடிக் குளிசை வாங்குகிற கடையும் பூட்ஸ். விழுந்து கிடப்பவனைக் கூடி மிதித்தால் அதுவும் பூட். ஒரு சப்பாத்தைக் கையில் கொடுத்தால் வெள்ளைக்காரன் தன் சீவியத்தில் பாதியை அதற்குள் போட்டுக் கட்டிவிடுவான்.

எங்கள் ஆட்கள் மட்டும் குறைந்தவர்களா என்ன? பணிந்து போகிறவன் உன் காலுக்குச் செருப்பாய் இருப்பேன் என்கிறான். நன்றி சொல்ல வந்தவன் என் தோலைச் செருப்பாகத் தைத்துப் போடுவேன் என்கிறான். கோபக்காரன் நீ என் செருப்புக்குப் பெறுவாயா என்கிறான். சொல்லிச் சொல்லி எங்கே சுற்றினாலும் கடைசியில் வந்து நிற்கிற இடம் ஒன்றுதான், செருப்படி. தடியால் அடித்தால் வழக்கு, கையால் அடித்தால் சண்டை, நாலு நாளில் ஆறிப்போகும். செருப்பால் அடி வாங்கியவன் மட்டும் இருந்தும் ஒன்று, செத்தும் ஒன்று.

பொலிஸ்காரன் சப்பாத்தைப் படம் பிடித்தான், அளவைக் குறித்தான், இப்படி ஒன்றை இந்த வட்டாரத்தில் பாதிப் பொடியள் போட்டுத் திரிகிறார்கள் என்று சொன்னான், பத்திரமாக வைத்திருக்கும்படி சொல்லித் திருப்பிக் கொடுத்தான். கனகமும் பத்திரமாகத்தான் வைத்தாள். குகதாசன் ஆஸ்பத்திரியால் வந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கடைக்குள் நுழைந்தபோது, அது வாசல் நிலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. தேசிக்காயும் செத்தல் மிளகாயும் கோர்த்த கயிற்றின் நுனியில், மூக்குக் கீழே பார்க்க.

"உதைக் கழட்டு, கனகம்."

"ஏன்? கண்ணூறுக்குப் பழஞ்செருப்புக் கட்டுறது புதினமே? ஊரிலை லொறிக்குப் பின்னாலை கட்டுறேல்லையோ?"

"அது அவரவற்றை செருப்பு. இது ஆற்றையோ."

"ஆற்றையோ எண்டபடியாத்தான் கட்டினனான். வாறவன் போறவன் எல்லாரும் பாக்கட்டும். கண்ணூறெண்டாலும் கழியும், எங்களுக்கும் ரோசம் இருக்கெண்டு தெரியும்."

அவளுக்கு வாய்தான் பெரிது என்று ஊரில் சொல்வார்கள். ஊர் பிழையாகச் சொல்லிவிட்டது. வாயைவிட நெஞ்சு பெரிது அவளுக்கு. குகதாசனுக்குத்தான் அந்த விசயத்தில் கொஞ்சம் தட்டுப்பாடு.

சப்பாத்துக்குப் பெயர் பரவிவிட்டது. வாழைக்காயும் கருவாடும் அங்கேயே கிடைக்கிற நோர்பரியிலிருந்தும் தோர்ண்டன் ஹீத்திலிருந்தும் ஆட்கள் ரெயில் மாறி வந்தார்கள். வாசலில் நின்று மேலே பார்த்தார்கள். "இதுதானோ?" என்று கேட்டார்கள். பிறகு வெறுங்கையோடு போக வெட்கப்பட்டு ஒரு கட்டு முருங்கைக்காய் வாங்கினார்கள். பாண் பக்டரியில் வேலை செய்கிற கஸ்பர், மன்னார்க்காரர், கடையின் அன்றாட வாடிக்கைக்காரர், வரும்போதெல்லாம் விரல்களைக் குவித்து முத்தமிட்டு மேலே காட்டுவார். "தம்பி குகன், இது லேசுப்பட்ட சாமான் இல்லை. கோயிலிலை அர்ச்சிஷ்டவர்களின்ரை எலும்பைப் பீடத்திலை வைச்சிருக்கிற மாதிரி. ஒரு மெழுகுதிரியையும் கொளுத்திவிடும்." எல்லோரும் சிரிப்பார்கள். குகதாசனும் சிரிப்பான். சிரித்தால் விலா நோகும்.

அவனுக்குப் பயம். இதைச் சுற்றி வளைத்துச் சொல்லத் தேவையில்லை. எதிர்ப்பக்க பஸ் தரிப்பில் மொட்டைத் தலைப் பொடியள் நின்று கடை வாசலையே பார்ப்பதை அவன் இரண்டு மூன்று தரம் கண்டிருந்தான். முகங்கள் அடையாளம் தெரியவில்லை. கீழே கிடந்தவன் கால்களைத்தானே பார்த்தான். ஆனால் தன் பொருளை ஒருவன் தலைக்கு மேலே கட்டித் தொங்கவிட்டிருப்பதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நாளைக்குத்தான் ஒருவன் சும்மா நிற்பான்? கனகம் கண்ணூறு என்கிறாள். தெருவில் நிற்கிறவனுக்குக் கண்ணூறு தெரியுமா? சண்டையில் வெட்டிய தலையைக் கட்டித் தொங்கவிட்டிருப்பதாகத்தான் அவன் நினைப்பான்.

பயத்துக்கு அப்பால் இன்னொன்றும் இருந்தது. அதை அவன் கனகத்துக்கு மட்டும், கலியாணமான புதிதில் ஒரேயொரு தரம் சொல்லியிருக்கிறான். குகதாசனின் தகப்பன் சீவியத்தில் ஒரு சோடிச் செருப்புத்தான் வாங்கினார். மூத்த மகளைப் பெரியாஸ்பத்திரியில் பார்க்கப் போன இடத்தில், தார் ரோட்டுச் சூடு தாங்காமல், யாழ்ப்பாணம் டவுனில் வாங்கியது. திரும்பி வரும்போது எந்த ஒழுங்கை முகப்பில் அதைக் கழற்றிக் கையில் எடுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அவருடைய சாதிக்காரர் அந்த ஒழுங்கையில் செருப்போடு போவதில்லை. அன்றைக்கு மகளின் நினைப்பில் மறந்துவிட்டார். நாலு பேர் மறித்தார்கள். அவர் காலில் கிடந்ததை அவரைக் கொண்டே கழற்றுவித்து, அதனாலேயே அவரை அடித்தார்கள். சிறுவன் குகதாசன் பக்கத்தில், மருந்துப் போத்தலோடு நின்றான். பெரிய அடி என்று சொல்ல முடியாது. தோல் கிழியவில்லை, அப்பர் அழவுமில்லை. முகம் மட்டும் கீழே இறங்கியது. அவர் சாகும்வரை அது பிறகு மேலே வரவேயில்லை. நல்லது கெட்டதுக்குப் போகமாட்டார். பந்தியில் இருக்கமாட்டார். பெற்ற மகனோடு கதைக்கும்போதும் அவன் முழங்காலைப் பார்த்துத்தான் கதைப்பார்.

அதனால் செருப்பு, சப்பாத்து என்று யாரும் பகிடி விட்டால் குகதாசன் வேறு பக்கம் பார்ப்பான். கடைக்குள் வருகிற கஸ்பர்மாருக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது.

வைகாசி பிறந்து ஒரு விடியற்காலை, பால் பெட்டிகளை உள்ளே எடுக்க அவன் கீழே வந்தபோது கடைக்குள் பெற்றோல் மணத்தது. கடிதம் போடுகிற துவாரத்தால் செருகிய துணி கதவின் உட்பக்கம் தொங்கி எரிந்துகொண்டிருந்தது. கீழே கிடந்த மிதியடியில் நெருப்புப் பிடித்து, பக்கத்தில் அடுக்கியிருந்த அரிசிச் சாக்குகளை நக்கத் தொடங்கியிருந்தது. தண்ணீர்க் குழாய் பின்னுக்கு. ஓட நேரமில்லை. நேற்றைய மிச்சப் பால் போத்தல்களை ஒவ்வொன்றாக உடைத்து ஊற்றினான். கனகம் மேலேயிருந்து ஈரப் போர்வையோடு வந்து விழுந்தாள். நெருப்பு அணைந்தபின் இருவரும் பாலிலும் கரியிலும் இருந்துகொண்டு இருமினார்கள். அவளுடைய கைவளையல் சுட்டு, மணிக்கட்டில் வட்டமாகத் தோல் உரிந்திருந்தது.

"இப்பவும் கழட்டமாட்டியோ?" என்று குகதாசன் கேட்டான்.

அவள் மேலே பார்த்தாள். சப்பாத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

"இண்டைக்குக் கழட்டினா, நெருப்பு வைச்சபடியாக் கழட்டினம் எண்டு ஆகும். பிறகு எதுக்கெடுத்தாலும் நெருப்பு வைப்பாங்கள்."

"மேலை படுத்திருக்கிறது நீயும் நானும். எரிஞ்சாப் பிறகு ஆரட்டைப் போய் ரோசம் கதைக்கிறது?"

"அப்ப எங்கை போவம்? சொல்லுங்கோ. அங்கையிருந்து பூட்ஸ் கால் துரத்தி இஞ்சை வந்தம். இஞ்சையிருந்து எங்கை?"

இந்தக் கடையைத் தவிர அவர்களுக்கு உலகத்தில் ஒரு சதுர அடி நிலம் கிடையாது. ஊர் வீடு இருந்த இடத்தில் இப்போது ஆமி முகாம். பொலிஸ்காரர் வந்து துணியைப் பையில் போட்டுக்கொண்டு போனார்கள். ஞாயிற்றுக்கிழமை கனகம் கோயிலுக்குப் போகிற நேரம் பார்த்துச் சப்பாத்தைத் தானே கழற்றுவது, கழற்றித் தெரு முனைக் குப்பைத் தொட்டியில் போடுவது, வருவது வரட்டும் என்று குகதாசன் மனதுக்குள் முடிவு கட்டினான்.

ஆனால் டோரீன் வெள்ளிக்கிழமையே மேலே பார்த்துவிட்டாள்.

டோரீன் இரண்டு தெரு தள்ளி இருப்பவள். பள்ளிக்கூடக் குசினியில் வேலை, புருசன் கூட இல்லை, பாலுக்கும் சிகரெட்டுக்கும் நாள் தவறாமல் வருவாள். குகதாசனை "மிஸ்டர் கே" என்பாள். அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மஞ்சள் பூக்கொத்து ஒன்று கொண்டுபோய்க் கொடுத்தவள். வெள்ளைக்காரரில் வந்து பார்த்தவள் அவள் ஒருத்திதான். அவளுடைய அம்மாவுக்கு வருத்தம் கடுமையாகி, அதனால் சில கிழமைகளாக இந்தப் பக்கம் வராமல் இருந்தாள். வெள்ளிக்கிழமை வந்தவள் பாலை மேசையில் வைத்தாள், மிச்சக் காசுக்குக் கையை நீட்டினாள், பேச்சுவாக்கில் தலையை நிமிர்த்தினாள். சப்பாத்தின் பின்பக்கம் கிழிந்து நீல நூலால் தைத்திருந்தது. நீட்டிய கை அப்படியே நின்றது. "இது எங்கே கிடைத்தது?" என்று கேட்டாள். கனகம் தன் உடைந்த ஆங்கிலத்தில் அந்தப் பின்னேரத்தை முழுதாகச் சொன்னாள். சொல்லச் சொல்ல அந்த முகம் செத்துப்போவதைக் குகதாசன் பார்த்தான். அவள் காசையும் எடுக்கவில்லை, பாலையும் எடுக்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. ஊர் மரக்கறி பிளேனில் வந்து இறங்குகிற நாள். பெட்டி உடைக்க முதலே சனம் நிறைந்துவிடும். மழை தூறிக்கொண்டிருந்தது. கஸ்பர் கத்தரிக்காய்ப் பெட்டிக்கு மேலே குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தார். கதவு திறந்த வேகத்தில் எல்லோரும் திரும்பினார்கள். டோரீன் ஒரு பொடியனின் மேல்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். அவளைவிட இரண்டு மடங்கு உயரமாக வளர்ந்த பொடியன். ஒரு காலில் கருஞ்சிவப்புச் சப்பாத்து, மற்றக் காலில் மழையில் ஊறிய காலுறை மட்டும். அந்தக் கோலத்திலேயே அவனை இரண்டு தெருவும் நடத்திக்கொண்டு வந்திருக்கிறாள்.

"என் மகன் லீ," என்றாள். "உங்களை மிதித்தவன் இவன்தான், மிஸ்டர் கே. அந்தத் தையல் நான் போட்டது."

அவள் மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாள். இவனுக்கு ஏற்கெனவே ஒரு வழக்கு இருக்கிறது. இன்னொன்று வந்தால் உள்ளே போடுவார்கள். இவன் தகப்பனும் இப்படித்தான், காலால் கதைக்கிற ஆள், இப்போது சிறையில் கிடக்கிறான். இவனும் போனால் எனக்கு யாருமில்லை. பொலிசுக்குப் போக வேண்டாம். நெருப்பு வைத்ததும் இவனும் இவன் கூட்டாளிகளும்தான், நேற்று அடித்துக் கேட்டுவிட்டேன். இனி உங்கள் வாசலுக்கு ஒருவன் வந்தாலும் நான் பொறுப்பு. "அந்தச் சப்பாத்தை எடுங்கள். அதாலேயே இவனுக்கு ஒன்று போடுங்கள். நல்லாய்ப் போடுங்கள். அதோடு கணக்குச் சரி."

கனகம் அதைத் தமிழில் சொன்னபோது சனம் மூச்சை உள்ளே இழுத்தது.

"சிவசிவா," என்றாள் ஒரு பெண். "பெத்த தாயெல்லே சொல்லுறாள், செருப்பாலை அடிக்கச் சொல்லி."

டோரீனுக்கு அது ஒரு அடி. கையில் அகப்பட்டதால் பிள்ளைக்கு ஒன்று போடுவது போல. தான் என்ன சொல்கிறேன் என்று அந்தக் கடைக்குள் தெரியாமல் நின்றவள் அவள் ஒருத்திதான். கஸ்பர் ஒரு வெறும் பெட்டியைப் போட்டு ஏறிக் கயிற்றை அறுத்தார். தேசிக்காய் கழன்று உருண்டது. சப்பாத்தைக் குகதாசனின் கையில் வைத்தார். அவன் நினைத்ததைவிடப் பாரமாக இருந்தது.

அவனுக்கு என்ன செய்ய வேண்டும் என்பதில் குழப்பம் இருக்கவில்லை. இதைப் பொடியனிடம் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டுப் போகச் சொன்னால், தாய்க்காரி பொறுப்பென்று சொல்லியாயிற்று, கடை தப்பும், மேலே படுத்திருக்கிற இரண்டு பேரும் விடியும்வரை நித்திரை கொள்ளலாம். இவ்வளவு பேர் முன்னால் அடித்தால் அதை ஒருவனும் மறக்கமாட்டான். செருப்படி வாங்கிய வீட்டில் வளர்ந்தவனுக்கு இதை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அவன் சப்பாத்தை நீட்டினான்.

"இந்தா. கொண்டு போ," என்றான் ஆங்கிலத்தில்.

"அடியுங்கோ," என்றாள் கனகம், பின்னாலிருந்து. மணிக்கட்டுத் துணிக்கட்டை மற்றக் கையால் பொத்திக்கொண்டிருந்தாள். "தாயே சொல்லுறா. அடிக்காமல் விட்டா ஆம்பிளையெண்டு ஆர் சொல்லுவினம்?"

"ஒண்டு போடும் தம்பி," என்றார் கஸ்பர். "பேருக்கு ஒண்டு."

லீ சப்பாத்தை வாங்கவில்லை. அவன் எதையோ மென்றுகொண்டிருந்தான். குகதாசனின் காலில் கிடந்த ரப்பர்ச் செருப்பைப் பார்த்தான், பிறகு சுற்றி நின்ற சனத்தைப் பார்த்தான், கடைசியில் கொட்டாவி விடுகிறவன் மாதிரி முகத்தை ஒரு பக்கம் திருப்பிக் கன்னத்தைக் காட்டினான். "அடித்து முடி," என்றான். முகம் மழிக்க சலூன் கதிரையில் இருக்கிறவன் அப்படித்தான் காட்டுவான். அந்தக் கண்ணில் பயமும் இல்லை, வெட்கமும் இல்லை. அவனுக்கு இது ஒன்றுமேயில்லை என்பதைக் குகதாசன் கண்டான்.

நெருப்பு வைத்தபோது வராத கோபம் அப்போது வந்தது. எங்கிருந்து வந்ததென்று அவனுக்குத் தெரியும். ஒரு மனிதனை உயிரோடு புதைத்துவிட்ட அடி அது. ஒரு வீட்டையே வாய் திறக்காமல் ஆக்கிய அடி. இவன் அதற்குக் கன்னத்தைக் காட்டிக்கொண்டு சூயிங்கம் மெல்லுகிறான்.

முதல் அடி மெல்லத்தான் விழுந்தது, சப்பாத்தின் அடித்தோலால். பொடியனின் கன்னத்தில் சேற்று வரி ஒன்று பதிந்தது. அவன் அதைத் துடைக்கவில்லை. "அவ்வளவுதானா?" என்று கேட்டுச் சிரித்தான்.

இரண்டாவது குதியால் விழுந்தது. சிரித்த உதடு பிளந்தது. பொடியன் ஒரு அடி பின்னுக்குப் போய் மரக்கறிப் பெட்டியில் முட்டி நின்று, மறுபடி முகத்தை நேரே வைத்துக்கொண்டான். கீழே இறக்கவில்லை. அதுதான் குகதாசனைப் பிடித்து ஆட்டியது. சப்பாத்தைத் திருப்பிப் பிடித்து இரும்பு வைத்த பக்கத்தால் அடித்தான். எலும்பில் பட்ட சத்தம் எல்லோருக்கும் கேட்டது. பெட்டி சரிந்து முருங்கைக்காய் எல்லாம் நிலத்தில் பரவியது. பொடியன் முழங்காலில் விழுந்தான். விழுந்தும் நிமிர்ந்து பார்த்தான்.

"குனியடா," என்று குகதாசன் தமிழில் கத்தினான். "முகத்தைக் குனியடா. குனி. குனி."

பொடியனுக்கு விளங்கவில்லை. அவனுக்கு எப்படி விளங்கும்? குகதாசன் சொல்லுக்கு ஒரு அடியாக அடித்தான். காதில், தோளில், புருவத்தில். விலாவின் நோ நெருப்பாக ஏறியது, அதையும் சேர்த்து அடித்தான். "ஒன்று என்றுதானே சொன்னேன், ஒன்று," என்று டோரீன் அலறிக்கொண்டு இடையில் விழுந்து மகனின் மொட்டைத் தலையை இரண்டு கையாலும் பொத்தினாள். அடுத்த அடி அந்த விரல்களில் விழுந்தது. விரல் முறிகிற சத்தம் அவன் கை வழியாகவே ஏறியது. அப்போதும் கை நிற்கவில்லை. இன்னொரு தரம் மேலே போனது.

"ஐயோ விடுங்கோ," என்று கனகம் அந்தக் கையில் தொங்கினாள். அடியுங்கோ என்று சொன்ன அதே வாயால் குழறினாள். "பிள்ளை செத்துப்போவான், விடுங்கோ." கஸ்பர் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தார். சப்பாத்துக் கழன்று விழுந்து, முருங்கைக்காய்களுக்கு மேலால் சறுக்கிப்போய்ச் சுவரோடு நின்றது.

அதற்குப் பிறகு யாரும் பகிடி விடவில்லை. ஒருவரும் குகதாசனைப் பார்க்கவுமில்லை. பைகளைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவராக, மிதிபடாமல் கால் வைத்து, வாசலால் நழுவினார்கள். ஒருவர் எடுத்த பாகற்காயைத் திருப்பிப் பெட்டியில் வைத்துவிட்டுப் போனார். கஸ்பர் பிடியை விட்டார். "தம்பி, பேருக்கு எண்டல்லே சொன்னனான்," என்றார், கெஞ்சுகிற குரலில். கனகம் ஈரத்துணி எடுத்துக்கொண்டு வந்தவள், கொடுக்கவும் துணிவில்லாமல், திரும்பிப் போகவும் மனமில்லாமல் நின்றாள். குகதாசன் மேசையைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் திணறினான். கைக்குச் சந்தோசமாக இருந்தது. அது அவனுக்கே அருவருப்பாகவும் இருந்தது.

டோரீன் எழுந்து போய்ச் சப்பாத்தை எடுத்தாள். அழவில்லை, பொலிஸ் என்றும் சொல்லவில்லை. மகனை மிளகாய்த்தூள் பெட்டிக்கு மேலே இருத்தி, அவன் முன்னால் மண்டியிட்டாள். நனைந்த காலுறையைக் கழற்றித் தன் பாவாடையில் அந்தக் காலைத் துடைத்தாள். அவள் கையில் இரண்டு விரல்கள் வீங்கிக் கறுத்து மடங்காமல் நின்றன. மிச்ச விரல்களால் சப்பாத்தின் வாயை அகட்டி அவன் காலை உள்ளே தள்ளினாள். நாடாவை ஒவ்வொரு துளையாகக் கோர்த்தாள். ஒரு துளை தவறியதும் அவிழ்த்து மறுபடி கோர்த்தாள். லீயின் புருவத்திலிருந்து இரத்தம் சொட்டுச் சொட்டாக அவளுடைய தலைமயிரில் விழுந்தது. அவன் அதைத் துடைக்கவில்லை. தாயின் தலைக்கு மேலால் குகதாசனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் முடிச்சை இறுக்கினாள். மற்றச் சப்பாத்தின் நாடாவும் தளர்ந்திருந்தது.

"அந்தக் காலையும் காட்டு," என்றாள்.

அவன் காட்டினான். கண்ணை எடுக்கவில்லை.